தீர்மானமும் தெருவும்: இரட்டைமலை சீனிவாசன் கண்ட ஐம்பது ஆண்டுகள்

1893-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்தும் அதே வேளையில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரி வந்தது. அவ்வாண்டு பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அந்தத் தீர்மானத்தை எதிர்க்கவே அந்தக் கூட்டம் கூடியது. கூட்டியது பறையர் மகாஜன சபை. கூட்டத்தின் விளைவாக 3,412 கையொப்பங்களோடு 112 அடி நீளமுள்ள ஒரு மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. அதன் பின்னால் நின்றவர் முப்பத்து நான்கு வயதான இரட்டைமலை சீனிவாசன்.

இந்திய விடுதலை வரலாற்றைப் பள்ளிப் பாடநூலில் படித்து வந்த நமக்கு இது முதலில் சங்கடத்தைத் தரும். இந்தியர்கள் உயர்பதவிக்கு வருவதை ஓர் இந்தியர் எதிர்ப்பதா? சட்டக் கல்லூரியில் படித்த நாட்களில் இந்தச் செய்தியை முதன்முதலில் அறிந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். சீனிவாசனின் கணக்கு வேறு. இந்தியாவிலேயே தேர்வு நடந்தால் அதில் வெல்லப்போகிறவர்கள் யார், வென்றவர்கள் மாவட்டத்துக்கு ஆட்சியராகவும் நீதிபதியாகவும் வந்து உட்காரும்போது சேரியிலிருந்து வருகிற மனுவை எப்படிப் படிப்பார்கள் என்பதே அவருடைய கேள்வி. கிராமத்தில் மணியமும் கணக்கும் யார் கையில் இருந்தனவோ, அவர்களது உறவினரே மாவட்டத் தலைமையிலும் அமர்ந்துவிட்டால் மேல்முறையீடு என்ற ஒன்றே இல்லாமல் போகும். அரசியல் மாற்றம் ஒன்று வருகிறதென்றால், அதிகாரம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்ப்பதை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சீனிவாசன் 1859 ஜூலை 7 அன்று செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் ஊரில் பிறந்தார். சாதிக் கொடுமை தாளாமல் குடும்பம் தஞ்சைப் பக்கம் பெயர்ந்தது. பின்னர் கோயம்புத்தூர் சென்றது. கோவையில் அவர் படித்த பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள். தன் குலம், இருப்பிடம், உறவு ஆகியவை தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு விளையாடாமலும், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் காத்திருந்தும் நாட்களைக் கழித்ததை 1939-இல் தாம் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். எண்பது வயதில் எழுதியபோதும் அந்த மணியோசை அவருக்கு மறக்கவில்லை. படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சுமார் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1890-இல் சென்னைக்கு வந்தார்.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்தவர் ஜே. எச். ஏ. டிரெமன்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து 1891-இல் அவர் அளித்த அறிக்கையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த அறிக்கை விவரிக்கும் பொறியமைவு எப்படி இயங்கியது என்பதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். மிராசு முறை நிலவிய ஊர்களில் தரிசு நிலத்தின் மீதும் மிராசுதார் முன்னுரிமை கோரினார். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பறையர் தரிசு நிலம் கேட்டு அரசிடம் தர்க்காஸ்து மனு கொடுத்தால், அந்த நிலத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை முதலில் மிராசுதாருக்கே உண்டு. அதுவரை அந்த நிலத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவரும் அப்போது வந்து எடுத்துக்கொள்வார். குடியிருக்கும் சேரி மனையும் பல ஊர்களில் மிராசுதாரின் உடைமையாகவே கருதப்பட்டது. படியாள் கூலி உயர்த்திக் கேட்டாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, மதம் மாறினாலோ மனையிலிருந்து வெளியேற்றப்படுவோம் என்ற அச்சத்திலேயே வாழ வேண்டியிருந்தது. அடிமை முறையைச் சட்டம் 1843-இலேயே ஏற்க மறுத்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் படியாள் நகர முடியாமல் நின்றதற்குக் காரணம் சட்டத்தில் இல்லை. மனையிலும் கடனிலும் இருந்தது.

ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளின் மனுக்களும் டிரெமன்ஹீரின் அறிக்கையும் சேர்ந்து 1892 செப்டம்பரில் அரசாணையாயின. வருவாய் வாரியம் இந்த அறிக்கையை விரும்பவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று குறைத்துக் காட்டவே முயன்றது. அதையும் மீறித்தான், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது. பிறருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனைதான் பஞ்சமி நிலத்தின் உயிர். நம் மேடைகளில் டிரெமன்ஹீரை மட்டும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அதே 1891-92 காலத்தில் பறையர் மகாஜன சபை உருவானதையும், 1893 அக்டோபரில் சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதையும் அதே மூச்சில் சொல்ல மறந்துவிடுகிறோம். மனு எழுதவும், மறுப்பு எழுதவும், அரசாணை எங்கே நிற்கிறது என்று கேட்கவும் ஒரு கூட்டம் இல்லையென்றால் எந்த ஆணையும் கோப்புக்குள்தான் கிடக்கும்.

இதழின் பெயரே அந்நாளில் ஒரு சண்டை. அவருடைய உறவினரும் மூத்தவருமான அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. இழிவாகச் சூட்டப்பட்டது என்று தள்ளி, பூர்வ பௌத்தர் என்ற அடையாளத்தைத் தேடிச் சென்றார். சீனிவாசன் எதிர்த்திசையில் நடந்தார். தன் பெயரைச் சொல்ல அஞ்சுகிற ஒருவன் தன் உரிமையையும் கேட்க மாட்டான் என்பது அவருடைய நிலைப்பாடு. பள்ளி வாசலில் ஒளிந்து நின்ற சிறுவன் இதழின் முகப்பில் அந்தப் பெயரை அச்சிட்டான் என்பதை நினைத்தால் இது வெறும் தத்துவ வேறுபாடு அன்று என்பது புரியும். இருவரில் யார் சரி என்ற விவாதம் நம்மிடையே இன்றும் ஓயவில்லை. என்னளவில் இருவரும் இரண்டு வேறு நோய்களுக்கு மருந்து தேடினார்கள் என்றே கருதுகிறேன். மாத இதழாகத் தொடங்கி விரைவில் வார இதழான ‘பறையன்’ ஏழாண்டுகள் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து செல்லும் எண்ணத்தோடு புறப்பட்ட சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட்டார். அங்கே அரசு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தி அங்கே வழக்கறிஞராக இருந்த காலம் அது. இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. தமிழில் கையொப்பமிட காந்திக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொல்வது ஒன்று, பதிவேட்டில் ஏறுவது வேறொன்று, இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அவர். ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றிச் சட்டமன்றத்தில் அவர் காட்டிய நுட்பம் அந்த ஆண்டுகளில் கூர்மைப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

1921-இல் திரும்பி வந்தபோது சென்னை மாகாணத்தின் அரசியலே மாறியிருந்தது. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களின்படி இரட்டையாட்சி வந்திருந்தது. நீதிக்கட்சி அமைச்சரவையில் இருந்தது. எம். சி. ராஜா சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தார். 1920-இல் ஏற்படுத்தப்பட்ட தொழிலாளர் ஆணையர் அலுவலகம் சேரி மக்களுக்கு மனை, கிணறு, பள்ளி, நிலம் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தது. பிராமணரல்லாதார் ஆட்சி என்ற பெரும் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. ஆனால் அதே 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் வேறொன்றைக் காட்டின. ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சேராதபோது, பிராமணரல்லாதார் என்ற ஒற்றுமையின் எல்லை எது என்பது தெரிந்துவிட்டது. ராஜா சில ஆண்டுகளில் நீதிக்கட்சியை விட்டு விலகினார். அதிகாரம் எந்தக் கைக்குப் போகிறது என்ற சீனிவாசனின் பழைய கேள்வி மீண்டும் வந்து நின்றது. இம்முறை கை மட்டும் வேறு.

1923-இல் அவர் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டு 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடந்து செல்ல மறுப்பு இருக்கக்கூடாது. பொது அலுவலகங்கள், கிணறுகள், குளங்கள், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையாயிற்று, மறு ஆண்டு அரசிதழிலும் வெளிவந்தது.

வழக்கறிஞர் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவோடு அதற்குள்ள ஒற்றுமை. கிணறு, குளம், சாலை என்று அந்தப் பிரிவு அடுக்கும் இடங்களில் பலவற்றை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் அடுக்கிவிட்டார். இரண்டாவது, அதில் தண்டனை இல்லை. தடுத்தவனுக்கு என்ன ஆகும் என்று தீர்மானம் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது, அது சட்டமன்று.

சோதனை உடனே வந்தது. அவ்வாண்டு நவம்பரில், அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில், தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் ஈழவர்கள் நடக்க முயன்றனர். மோதல் நிகழ்ந்தது. பொதுத்தெரு என்பதற்கு அரசாணை இருந்தது. நிர்வாகமோ அமைதி கெடும் என்ற பெயரில் நடக்க வந்தவர்களையே தடுக்கும் வழியை நாடியது. உரிமை ஆணையில் இருக்கிறது, தடை ஆணையும் அரசிடமிருந்தே வருகிறது. இந்த இரட்டை நிலை இன்று வரை நம்மோடு வருகிறது. கோவிலுக்குள்ளோ தெருவுக்குள்ளோ செல்ல முயலும் மக்கள்மீது இன்றும் முதலில் பாய்வது அமைதிப் பேச்சுவார்த்தை; அடுத்தது தடையுத்தரவு.

அந்தப் பல்லில்லாத தீர்மானத்துக்குப் பல் பொருத்தும் வேலை பலரால் நடந்தது. சட்டமன்றத்தில் ஆர். வீரையன் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தில் திருத்தம் கோரிப் போராடினார். 1938-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. பின்னர் 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976-இல் அதற்கே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற புதுப்பெயர், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1924-இல் கிளம்பிய தீர்மானம் தண்டனையின் கடுமையில் ஒவ்வொரு படியாக ஏறியது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் பொதுப்பாதையை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிபட்டது 2008 மே மாதத்தில். அதாவது தீர்மானத்துக்கு 84 ஆண்டுகள் கழித்து. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது 2022 டிசம்பரில்.

1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் சீனிவாசனும் சென்றனர். அப்போது சீனிவாசனுக்கு வயது எழுபத்தொன்று. இருவரும் சேர்ந்து அளித்த பாதுகாப்புக் கோரிக்கைகளின் அறிக்கையை நம் மாணவர்கள் முழுமையாகப் படிக்க வேண்டும். தனித்தொகுதி கேட்டார்கள் என்பதோடு அதை முடித்துவிடுகிறோம். அது எட்டு நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. சம குடியுரிமை, அரசுப் பணிகளில் இடம், அமைச்சரவையில் இடம், தனித் துறை என்று பட்டியல் நீள்கிறது. அவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்ற கோரிக்கை. பர்மாவில் 1922-இல் இயற்றப்பட்ட புறக்கணிப்பு எதிர்ப்புச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அந்தப் பகுதி வரையப்பட்டது. காரணம் எளிது. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுத்தவனை யாரும் அடிக்க வேண்டியதில்லை. மறுநாள் வேலை கொடுக்காமலிருந்தால் போதும். கடைக்காரர் உப்பு விற்காமலிருந்தால் போதும். வயல் வரப்பில் நடக்கவிடாமலிருந்தால் போதும். உரிமையைப் பயன்படுத்துவதற்கான விலையைக் கூலியாள் தன் வயிற்றால் கட்ட வேண்டியிருக்கும்வரை அந்த உரிமை ஏட்டளவில்தான் என்பதைக் கல்பாத்திக்குப் பின் சீனிவாசனும், மகாடுக்குப் பின் அம்பேத்கரும் நன்கறிந்திருந்தனர். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையான குற்றமாக இடம்பெற்றது 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புவாரித் தீர்ப்பு தனித்தொகுதியை அளித்தது. சென்னை மாகாணத்துக்கு 18 இடங்கள். காந்தியின் உண்ணாவிரதமும் செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தமும் தொடர்ந்தன. ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். சென்னைக்கான இடங்கள் 30 ஆயின. மாகாணங்கள் அனைத்திலும் சேர்த்து 71 என்பது 148 ஆயிற்று. எண்ணிக்கை இரு மடங்கானதற்கு ஈடாக இழந்தது, தன் பிரதிநிதியைத் தானே இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. முதற்கட்டத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களில் யார் சட்டமன்றம் போவது என்பதைப் பொதுவாக்காளர்கள் முடிவு செய்வார்கள். அந்த முதற்கட்டமும் பத்தாண்டுகளுக்குத்தான். 1937 தேர்தலில் சென்னையின் ஒதுக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் கைப்பற்றியது.

கையொப்பமிட்டவர் என்பதற்காகச் சீனிவாசனைக் குறை சொல்வது எளிது. ஓர் உயிரின் பொறுப்பை நாடே நம் தலையில் ஏற்றிய அந்த வாரத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பதும் எளிது. நான் இரண்டையும் செய்யப்போவதில்லை. கிராம அளவில் என்ன ஆனது என்பதை மட்டும் பார்க்கிறேன். ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டதற்காகவே மேலவளவு முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்கவே இல்லை. இடத்தை ஒதுக்கிவிடலாம். அந்த நாற்காலியில் யார் அமரலாம், அமர்ந்தபின் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சுற்றியிருக்கும் பெரும்பான்மையும் நிலமும் தீர்மானிக்கின்றன.

சீனிவாசனிடம் எனக்குள்ள கருத்து வேறுபாடுகளையும் மறைக்க வேண்டியதில்லை. 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் என்று பட்டங்கள் வந்தன. அவற்றை அவர் மகிழ்வோடு ஏற்றார். மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: வெள்ளையர் பட்டம் வாங்கியவரை எப்படிக் கொண்டாடுவது? அதே பட்டங்களை வாங்கிய சாதி இந்துப் பெருந்தனக்காரர்களின் சிலைகளைக் கடக்கும்போது இந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 1935-இல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் வருணத்துக்கு வெளியே உள்ளவர்கள், இந்து மதத்தில் இல்லாதவர்கள்; இல்லாத இடத்திலிருந்து எப்படி வெளியேறுவது என்பது அவருடைய வாதம். நீதிமன்றத்தில் இது அழகான வாதம். ஆனால் ஊரில் அவனை இந்து என்று எழுதி வைத்திருக்கும் பதிவேட்டுக்கும், அவன் நிழலைத் தீட்டென்று விலக்கும் தெருவுக்கும் அது பதிலாகாது. இன்னொன்று, தெருவையும் கிணற்றையும் திறக்க அவர் காட்டிய பிடிவாதத்துக்கு நிகராக நிலத்தை மீட்பதற்கான பெரும் இயக்கம் அவர் காலத்தில் உருவாகவில்லை. அந்தக் குறை அவருடையது மட்டுமன்று. அது நம் தலைமுறை வரை நீண்டிருக்கிறது.

1945 செப்டம்பர் 18 அன்று, நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, அவர் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னை கிண்டியில் மணிமண்டபம் இருக்கிறது.

அவர் பிறந்த செங்கல்பட்டு மண்ணில்தான் 1994-இல் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். டிரெமன்ஹீரின் அறிக்கைக்கு 103 ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழகத்தில் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது என்று நம் இயக்கங்கள் சொல்கின்றன. அரசு ஒப்புக்கொள்ளும் கணக்கு அதற்கு வெகு கீழே நிற்கிறது. எவ்வளவு கொடுத்தோம் என்பதிலேயே கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இவ்வளவு வேறுபாடு இருந்தால், எவ்வளவு போயிற்று என்பதை எங்கே தொடங்கிக் கணக்கிடுவது?

நான் நடத்திவரும் பஞ்சமி நில வழக்கொன்றில் என் கட்சிக்காரர் எழுபது வயது கடந்த ஒரு மூதாட்டி. அவருடைய பாட்டனாருக்கு வழங்கப்பட்ட நிபந்தனைப் பட்டாவின் நைந்த நகல் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தது. எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பின் வந்த அ-பதிவேட்டில் அந்த நிலம் சாதாரணப் புஞ்சையாக, வேறொருவர் பெயரில் இருக்கிறது. நிபந்தனை என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. பழைய பதிவேட்டைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு செய்தோம். ஆவணம் சிதிலமடைந்துவிட்டது என்று ஓர் அலுவலகமும், மாவட்டப் பிரிவினையின்போது வேறிடத்துக்கு அனுப்பப்பட்டது என்று இன்னோர் அலுவலகமும் பதில் தந்தன. நிபந்தனை மீறிய விற்பனை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நிபந்தனை இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் காகிதத்தை நாங்கள்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் பழைய கிராமக் கணக்குகளின் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறோம். அடுத்த வாய்தா வருவதற்குள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.